மின்சாரத்துக்கும் ஒரு தராசு வேண்டும்

மில், எக்ஸ்பெல்லர், குளிர் அறை வைத்திருப்போர் கரண்ட், வோல்டேஜ் டிரான்ஸ்டியூசர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



பலசரக்கு வியாபாரம் என்றால் தராசு, கல்லாப்பெட்டி, கணக்குப் புத்தகம் என்றிருந்த காலம் மாறிவிட்டது. இன்று நம்மில் பலர் கடையின் பின்கட்டில் மாவு மில்லும் மிளகாய் அரைக்கும் பல்வரைசரும் வைத்திருக்கிறோம். எண்ணெய் வியாபாரிகளிடம் எக்ஸ்பெல்லரும் ரோட்டரி செக்கும் ஓடுகின்றன. மொத்த வியாபாரிகள் பருப்பு மில், எலிவேட்டர், வற்றலும் புளியும் கெடாமல் வைக்கக் குளிர் அறை என்று முதல் போட்டிருக்கிறார்கள். இவற்றை எல்லாம் ஓட்டுவது மோட்டார். அந்த மோட்டாரைக் காப்பது கண்ட்ரோல் பேனல்.

பேனல் போடுபவர் கொடுக்கும் கொட்டேஷனில் சி.டி. மூன்று, கரண்ட் டிரான்ஸ்டியூசர் ஒன்று, வோல்டேஜ் டிரான்ஸ்டியூசர் ஒன்று என்று சில வரிகள் இருக்கும். மோட்டாரின் விலையையும் ஸ்டார்ட்டரின் கம்பெனியையும் நான்கு இடத்தில் விசாரிக்கும் நாம், இந்த வரிகளை மட்டும் படிக்காமலே சம்மதம் சொல்லிவிடுகிறோம். பிறகு தீபாவளிக்கு முந்தின வாரம் மோட்டார் புகைந்தால், ரிலே ஏன் விழவில்லை என்று வயர்மேனைக் கோபித்துக்கொள்கிறோம். ரிலே தானாக எதையும் பார்ப்பதில்லை. சென்சார் சொல்வதைத்தான் அது கேட்கிறது. சென்சார் தவறாகச் சொன்னால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேனலும் தவறாகவே முடிவெடுக்கும்.

தராசு விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. லாரி ஏறும் எடைமேடையில் ஏலக்காயை நிறுக்க மாட்டோம். ஏலக்காய்த் தராசில் அரிசி மூட்டையை ஏற்ற மாட்டோம். எந்தச் சரக்குக்கு எந்தத் தராசு, எவ்வளவு கொள்ளளவு, எவ்வளவு நுணுக்கம் என்று பார்த்தே வாங்குவோம். மின்சாரத்தை நிறுக்கும் கருவியையும் இதே புத்தியோடு வாங்கினால் போதும். அதற்கு வேண்டிய விவரங்களை இக்கட்டுரையில் காண்போம்.

சி.டி. என்பது என்ன?

மோட்டாருக்குப் போகும் வயரில் ஓடும் மின்னோட்டத்தை அப்படியே மீட்டருக்குள் செலுத்த முடியாது. அதை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறைத்துக் கொடுப்பதுதான் கரண்ட் டிரான்ஸ்பார்மர். சுருக்கமாக சி.டி. என்கிறோம். பார்ப்பதற்கு நடுவில் துவாரம் உள்ள வளையம் போல இருக்கும். அந்தத் துவாரத்தின் வழியாக மோட்டார் வயர் செல்லும். வயரில் மாறிமாறி ஓடும் மின்னோட்டம் வளையத்தில் காந்தப் புலத்தை உண்டாக்க, வளையத்தில் சுற்றியுள்ள மெல்லிய கம்பியில் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியே இதற்கு அடிப்படை.

சி.டி.யின் மேல் 50/5 என்று எழுதியிருந்தால், வயரில் 50 ஆம்பியர் ஓடும்போது மீட்டருக்கு 5 ஆம்பியர் போகும் என்று பொருள். 50/1 என்றிருந்தால் 1 ஆம்பியர் போகும். மீட்டரோ ரிலேயோ எந்த வகைக்குச் செய்யப்பட்டதோ, அதே வகை சி.டி.யைத்தான் பொருத்த வேண்டும்.

முதலில் கொள்ளளவு

ஒரு மாவு மில்லில் 10 எச்.பி. மோட்டார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 415 வோல்ட், மூன்று பேஸ் மோட்டார் முழு லோடில் ஏறக்குறைய 14 ஆம்பியர் எடுக்கும். ஒரு எச்.பி.க்கு சுமார் 1.4 ஆம்பியர் என்பது வயர்மேன்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு. சரியான அளவை மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சரக்கு இல்லாமல் வெறுமனே சுற்றும்போது இதே மோட்டார் 5 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும் என்று கொள்வோம். ஆக நாம் கவனிக்க வேண்டிய வித்தியாசம் 5க்கும் 14க்கும் இடையே உள்ள 9 ஆம்பியர்தான்.

"பிற்காலத்தில் பெரிய மோட்டார் போட்டாலும் ஆகும்" என்று சொல்லி இதற்கு 200/5 சி.டி.யை மாட்டுபவர்கள் உண்டு. இது எடைமேடையில் ஏலக்காய் நிறுத்த கதைதான். 200 ஆம்பியர் டயலில் 14 ஆம்பியர் என்பது அடிமட்டத்தில் முள் சற்று அசைவது மட்டுமே. மில் காலியாக ஓடுகிறதா, நிறைந்து திணறுகிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. 25/5 அளவில் போட்டால் முள் பாதிக்கு மேல் ஏறி நிற்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே செலவு குறையும் வழி ஒன்றும் இருக்கிறது. கைவசம் 50/5 வளையச் சி.டி. இருந்தால், மோட்டார் வயரைத் துவாரத்தின் வழியே இரண்டு முறை செலுத்தினால் அது 25/5 ஆகிவிடும். 100/5 என்றால் நான்கு முறை செலுத்த வேண்டும். வயர் துவாரத்துக்குள் எத்தனை முறை போகிறதோ அத்தனை சுற்று என்பதே கணக்கு. வெளியே எத்தனை வளைவு தெரிகிறது என்று எண்ணினால் கணக்கு தவறிவிடும்.

மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது முழு லோடைப் போல ஆறேழு மடங்கு மின்னோட்டம் சில விநாடிகள் பாயும். அதற்காகச் சி.டி.யைப் பெரிதாக வாங்க வேண்டியதில்லை. அந்தச் சில விநாடிகளைத் தாங்குமா என்று விற்பவரிடம் கேட்டுக்கொண்டால் போதும். அந்த நேரத்து அளவைக் கணக்கில் எடுக்காதபடி கண்ட்ரோலரில் நேரம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது துல்லியம்

சி.டி.க்களுக்கு இந்தியத் தரநிலை உண்டு. நெடுங்காலம் ஐ.எஸ். 2705 என்ற எண்ணில் இருந்தது. இப்போது ஐ.எஸ். 16227 என்ற எண்ணில் உள்ளது. இதில் கிளாஸ் என்று ஓர் எண் வரும். கிளாஸ் 1 என்றால் முழு அளவில் 1 சதவீதத்துக்கு மேல் பிழை இருக்கக் கூடாது. கிளாஸ் 0.5 என்றால் அரை சதவீதம்.

நாம் மறந்துவிடும் செய்தி ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. அந்த 1 சதவீதம் முழு அளவுக்கு மட்டுமே பொருந்தும். அதே கிளாஸ் 1 சி.டி.யில் ஐந்தில் ஒரு பங்கு மின்னோட்டம் ஓடும்போது 1.5 சதவீதமும், இருபதில் ஒரு பங்கு ஓடும்போது 3 சதவீதமும் பிழை அனுமதிக்கப்படுகிறது. மேலே சொன்ன 200/5 சி.டி.யில் 14 ஆம்பியர் என்பது முழு அளவில் 7 சதவீதம். ஆகவே கிளாஸ் 1க்கு விலை கொடுத்தும் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3 சதவீதப் பிழைதான். கொள்ளளவு தவறினால் துல்லியமும் தவறும்.

எதற்கு எந்தக் கிளாஸ்? அரைவைக் கூலி, பிரிவு வாரியான மின் செலவு என்று பணக்கணக்கு பார்க்கும் சப்-மீட்டருக்குக் கிளாஸ் 0.5 வாங்குவது நல்லது. ஆம்பியர் பார்க்கவும் மில்லுக்குச் சரக்கு விடும் அளவைக் கட்டுப்படுத்தவும் கிளாஸ் 1 போதும். மோட்டாரைக் காக்கும் ரிலேக்கு உரிய சி.டி. வேறு வகை. அதன் மேல் 5பி10 என்பது போல எழுதியிருக்கும். மின்னோட்டம் பத்து மடங்கு ஏறினாலும் பிழை 5 சதவீதத்தைத் தாண்டாது என்பது இதன் பொருள். மீட்டருக்கு உரிய சி.டி.யோ அவ்வளவு மின்னோட்டத்தில் திணறி, உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். மீட்டருக்கு அதனால் நன்மைதான். ரிலேக்கு அது ஆபத்து. "ஒரே சி.டி.யில் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அந்த ரிலே எந்த வகைச் சி.டி.யைக் கேட்கிறது என்று அதன் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

திசையும் முக்கியம். சி.டி.யில் பி1, பி2 என்று குறியிட்ட பக்கங்கள் இருக்கும். மூன்று சி.டி.க்களில் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஆம்பியர் மீட்டர் சரியாகவே காட்டும். ஆனால் யூனிட் மீட்டர் ஏமாந்துவிடும். ஒன்றும் ஒன்றும் கூட்டி ஒன்றைக் கழித்தது போல, மூன்று பங்கில் ஒரு பங்குதான் பதிவாகும். மாதம் 1,500 யூனிட் ஓடிய மில்லுக்கு 500 யூனிட் என்று காட்டும். அதை நம்பி அரைவைக் கூலி நிர்ணயித்தவர், நஷ்டம் எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பார்.

இங்கே சொல்வதெல்லாம் நாமே போட்டுக்கொள்ளும் சப்-மீட்டரைப் பற்றியது. மின்வாரியம் சீல் வைத்த மீட்டர் பெட்டியிலும் அதன் சி.டி.யிலும் யாரும் கை வைக்கக் கூடாது. அது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றமாகும்.

வயரின் நீளமும் ஒரு சுமையே

சி.டி.யின் மேல் 5 வி.ஏ. என்பது போல இன்னோர் எண் இருக்கும். அது சுமக்கக்கூடிய பாரம் என்று கொள்ளலாம். மீட்டர் மட்டுமல்ல, மீட்டர் வரை போகும் வயரும் இந்தப் பாரத்தில் சேரும்.

உதாரணமாக, மில் ஒரு கொட்டகையிலும் மீட்டர் கடையில் கல்லாவுக்கு அருகிலும் இருப்பதாகக் கொள்வோம். இடையே 25 மீட்டர். போக வர 50 மீட்டர் வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் இதன் தடை சுமார் 0.37 ஓம். 5 ஆம்பியர் சி.டி. என்றால் வயர் மட்டுமே 9 வி.ஏ.க்கு மேல் தின்றுவிடும். 5 வி.ஏ. சி.டி. இதைச் சுமக்காது, மீட்டர் குறைத்துக் காட்டும். அதே இடத்தில் 1 ஆம்பியர் சி.டி. போட்டால் வயர் எடுப்பது வெறும் 0.37 வி.ஏ. ஆகவே தூரம் அதிகமென்றால் 1 ஆம்பியர் வகையையோ, கீழே சொல்லும் டிரான்ஸ்டியூசரையோ தேர்ந்தெடுப்பதே முறை.

டிரான்ஸ்டியூசர் செய்யும் வேலை

சி.டி. தரும் மின்னோட்டம் மாறுதிசை மின்னோட்டம். இன்றைய கண்ட்ரோலர்களுக்கு ஒரே சீரான சிறு சிக்னல் தேவை. மின்னோட்டத்தையோ வோல்டேஜையோ அளந்து அப்படிப்பட்ட சிக்னலாக மாற்றித் தருவதே டிரான்ஸ்டியூசர். தொழிற்சாலைகளில் பெருவழக்காக உள்ள சிக்னல் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை. ஒன்றும் ஓடாதபோது 4, முழு அளவில் 20.

பூஜ்யத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குவதில் ஒரு நன்மை உண்டு. இரவுக் காவலர் ஒன்றுமே நடக்காவிட்டாலும் மணிக்கொரு முறை விசில் ஊதுவது போன்றது இது. விசில் சத்தம் நின்றுவிட்டால் காவலருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரியும். அதுபோல 4 மில்லி ஆம்பியர் வந்தால் மோட்டார் நிற்கிறது என்று பொருள். பூஜ்யம் வந்தால் எலி வயரைக் கடித்திருக்கும். அல்லது டிரான்ஸ்டியூசர் பழுதாகியிருக்கும். தானியக் கிடங்கில் இந்த வித்தியாசம் தெரிவது மிகவும் அவசியம். மேலும், சிக்னல் மின்னோட்டமாகப் போவதால் வயர் நீளமானாலும் அளவு குறையாது.

பல்வரைசரில் இதன் பயனைக் காணலாம். 25 ஆம்பியர் அளவுள்ள டிரான்ஸ்டியூசர் 14 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 13 மில்லி ஆம்பியர் சிக்னல் தரும். மில் காலியாகச் சுற்றுவதற்கும் நிறைந்து ஓடுவதற்கும் இடையே 5.76 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கிடைக்கும். 200 ஆம்பியர் அளவுள்ளதைப் போட்டால் அந்த வித்தியாசம் 0.72 மட்டுமே. முன்னதைக் கொண்டு சரக்கு விடும் ஃபீடரைத் தானாக நடத்தலாம். மோட்டார் 13 ஆம்பியரைத் தாண்டினால் ஃபீடர் மெதுவாகும், குறைந்தால் வேகமாகும். மில் அடைத்துக்கொள்ளாது, காலியாகவும் ஓடாது. எலிவேட்டரில் பெல்ட் அறுந்தால் மோட்டாரின் ஆம்பியர் சட்டென்று இறங்கும். அதைக் கண்டதும் மணி அடிக்கச் செய்யலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. சாதாரண டிரான்ஸ்டியூசர் பதில் சொல்ல விநாடியில் கால் பங்கு, அரைப் பங்கு நேரம்கூட எடுத்துக்கொள்ளும். ஷார்ட் சர்க்யூட்டை நிறுத்த அது உதவாது. டிரான்ஸ்டியூசர் இருக்கிறது என்று எம்.சி.பி.யையும் ஓவர்லோடு ரிலேயையும் குறைத்துவிடாதீர்கள்.

டிரைவ், சோலார் உள்ள இடங்களில்

சி.டி. மாறுதிசை மின்னோட்டத்தில் மட்டுமே வேலை செய்யும். கிடங்குக் கூரையில் சோலார் தகடு போட்டிருப்பவர்கள் கவனிக்கவும். தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரை வருவது டி.சி. அங்கே சி.டி.யை மாட்டினால் ஒன்றுமே காட்டாது. அதற்கு ஹால் எஃபெக்ட் சென்சார் வேண்டும். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு இது. மின்னோட்டம் ஓடும் மெல்லிய தகட்டின் மேல் காந்தப் புலம் பட்டால் தகட்டின் பக்கவாட்டில் சிறு வோல்டேஜ் தோன்றும். காந்தப் புலம் மாறாமல் நின்றாலும் இது தோன்றுவதால் டி.சி.யையும் அளக்க முடிகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. ஓப்பன் லூப் வகை விலை குறைவு. ஆனால் சூடு ஏறும்போது அளவு சற்று நகரும். குளோஸ்டு லூப் வகை விலை கூடுதல். துல்லியமும் வேகமும் கூடுதல். சோலாரில் ஆம்பியர் பார்ப்பதற்கு ஓப்பன் லூப் போதுமானது. இரண்டுக்குமே தனி மின் சப்ளை தேவை. அதற்கு உரிய பவர் சப்ளை கொட்டேஷனில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் உள்ள இடங்களில் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சாதாரணச் சி.டி. போடக் கூடாது. வேகம் குறையும்போது மின்சாரத்தின் ஹெர்ட்ஸும் குறையும். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த சி.டி.யின் இரும்பு 10 ஹெர்ட்ஸில் ஐந்து மடங்கு காந்தப் புலத்தைச் சுமக்க வேண்டிவரும். அதனால் திணறித் தவறாகக் காட்டும். இங்கே பலருக்குத் தெரியாத சிக்கனம் ஒன்றைச் சொல்கிறோம். டிரைவ் தன் உள்ளேயே மோட்டாரின் மின்னோட்டத்தை அளந்துகொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலான டிரைவ்களில் அந்த அளவை வெளியே சிக்னலாகத் தரும் அனலாக் டெர்மினல் இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டால் தனியாக டிரான்ஸ்டியூசர் வாங்கும் செலவு மிச்சம்.

டிரைவ், யு.பி.எஸ்., எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டர் ஆகியவை மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை, விட்டுவிட்டு இழுக்கும். சராசரியை வைத்துக் கணக்கிடும் விலை குறைந்த மீட்டர் இத்தகைய லோடில் கணிசமாகக் குறைத்துக் காட்டும். வயர் சூடாகும், மீட்டரோ எல்லாம் சரி என்று சொல்லும். இத்தகைய இடங்களில் ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று எழுதியதை மட்டுமே வாங்குங்கள்.

வோல்டேஜை ஏன் அளக்க வேண்டும்?

கோடையில் வோல்டேஜ் இறங்குவது நாம் அறிந்ததே. 415 வோல்ட் 360க்கு இறங்கினால் மோட்டாரின் முறுக்கு விசை நான்கில் மூன்று பங்காகிவிடும். அதே சரக்கை அரைக்க அது 14க்குப் பதில் 16 ஆம்பியர் இழுக்கும், சூடாகும். மோட்டார் காயிலின் இன்சுலேஷன் 10 டிகிரி கூடுதல் சூட்டில் ஓடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு.

மூன்று பேஸ்களும் சமமாக இல்லாவிட்டால் பாதிப்பு இன்னும் அதிகம். மூன்று பேஸ்களில் 415, 405, 395 வோல்ட் இருப்பதாகக் கொள்வோம். பார்க்கப் பெரிய வித்தியாசமில்லை, இரண்டரை சதவீதம்தான். ஆனால் வோல்டேஜில் உள்ள ஏற்றத்தாழ்வு மின்னோட்டத்தில் ஆறு முதல் பத்து மடங்காகத் தெரியும். அதாவது ஒரு பேஸில் 15 முதல் 25 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆகவே மூன்று பேஸையும் தனித்தனியாகப் பார்க்கும் கருவியே நல்லது.

ஒரு பேஸ் முழுவதும் போய்விட்டால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மீதி இரண்டு பேஸ்களில் சுமார் 1.73 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடும். 8 ஆம்பியரில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் 14க்குப் போகும். ஓவர்லோடு ரிலேயை 14இல் வைத்திருந்தால் அது விழாது. இதற்காகத்தான் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் போடுகிறோம். அதிலும் வோல்டேஜை மட்டும் பார்ப்பது, மின்னோட்டத்தைப் பார்ப்பது என்று இரு வகை. ஓடும் மோட்டார், போன பேஸிலும் தானாக ஓரளவு வோல்டேஜை உண்டாக்கும். அதைக் கண்டு வோல்டேஜ் வகை ஏமாறக்கூடும். மின்னோட்டத்தைப் பார்க்கும் வகை ஏமாறாது. குளிர் அறைக் கம்ப்ரசருக்கும் பெரிய மில்லுக்கும் மின்னோட்ட வகையையே கேட்டு வாங்குங்கள்.

வோல்டேஜ் டிரான்ஸ்டியூசர் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது அளவு: 415 வோல்ட்டுக்கு 0-500, 230 வோல்ட்டுக்கு 0-300 பொருத்தம். இரண்டாவது சப்ளை: தான் அளக்கும் வோல்டேஜிலிருந்தே இயங்கும் வகை, வோல்டேஜ் மிகவும் இறங்கினால் தானும் படுத்துவிடும். குறைந்த வோல்டேஜைப் பிடிப்பதே நோக்கமென்றால் தனிச் சப்ளையில் இயங்கும் வகை வேண்டும். மூன்றாவது ஐசொலேஷன்: மெயின் லைனுக்கும் சிக்னல் பக்கத்துக்கும் மின் தொடர்பு இருக்கக் கூடாது. குறைந்தது 2,000 வோல்ட்டுக்குச் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். வெறும் ரெசிஸ்டர் வைத்து வோல்டேஜைக் குறைத்துக் காட்டும் மலிவான அட்டைகள் பழுதானால், கண்ட்ரோலர் பட்டனைத் தொடுபவரின் கைவரை மெயின் லைன் வந்துவிடும்.

உயிர் காக்கும் இரண்டு விதிகள்

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது சி.டி.யின் மீட்டர் பக்க வயரை ஒருபோதும் கழற்றக் கூடாது. கழற்றினால் அந்த முனைகளில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் ஏறக்கூடும், சி.டி.யும் எரிந்துபோகும். மீட்டர் மாற்ற வேண்டுமானால் முதலில் மில்லை நிறுத்த வேண்டும். நிறுத்த வழியில்லை என்றால் சி.டி.யின் இரு முனைகளையும் ஷார்ட்டிங் லிங்கால் இணைத்த பிறகே மீட்டரைத் தொட வேண்டும். இதே காரணத்தால் சி.டி. வயரில் ஃபியூஸ் போடக் கூடாது.

உயர் அழுத்த இணைப்பு உள்ள மில்களில் வோல்டேஜை 110 வோல்ட்டாகக் குறைக்கும் பி.டி. இருக்கும். அதன் விதி நேர் எதிரானது. அதன் முனைகளை ஷார்ட் செய்யக் கூடாது. ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். சி.டி.யைத் திறக்காதே, பி.டி.யைச் சேர்க்காதே என்று பேனல் கதவின் உட்புறம் தமிழில் எழுதி ஒட்டிவையுங்கள். வேலைக்குப் புதிதாக வரும் பையனுக்கும் அது புரியும். வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமே கொடுங்கள்.

கொட்டேஷனில் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை

1. மோட்டாரின் முழு லோடு ஆம்பியர் எவ்வளவு? அது சி.டி. அளவில் பாதிக்கு மேல் வருகிறதா?

2. சி.டி.யின் மறுபக்கம் 5 ஆம்பியரா, 1 ஆம்பியரா? மீட்டருக்கு எத்தனை மீட்டர் வயர்?

3. கிளாஸ் என்ன, வி.ஏ. என்ன? மீட்டருக்கா, ரிலேக்கா?

4. அளப்பது ஏ.சி.யா, டி.சி.யா, டிரைவ் உள்ள லைனா?

5. சிக்னல் 4-20 மில்லி ஆம்பியர்தானா? கண்ட்ரோலர் அதை ஏற்குமா?

6. ட்ரூ ஆர்.எம்.எஸ். வகையா?

7. தனிச் சப்ளை தேவையா? அது விலையில் சேர்ந்திருக்கிறதா?

8. ஐசொலேஷன் எத்தனை வோல்ட்டுக்குச் சோதிக்கப்பட்டது? டெஸ்ட் சர்டிபிகேட் உண்டா?

9. பேனல் பெட்டிக்கு ஐ.பி. 54 அளவிலாவது தூசித் தடுப்பு உண்டா? மாவுத் தூசி தீப்பிடிக்கும் பொருள் என்பதை நினைவில் கொள்க.

10. ஷார்ட்டிங் லிங்க் உள்ள டெர்மினல் போடுகிறார்களா?

ஏற்கெனவே ஓடும் மில்லில் வயரைக் கழற்றாமல் பொருத்த வேண்டுமானால், இரண்டாகத் திறந்து மூடும் சி.டி. கிடைக்கிறது. துல்லியம் சற்றுக் குறையலாம். மூடும் முகங்களில் தூசி இருந்தால் இன்னும் குறையும். துடைத்துவிட்டு மூடச் சொல்லுங்கள். சிக்னல் வயரை மெயின் கேபிளோடு ஒரே பைப்பில் இழுக்காமல் தனியே இழுப்பது அவசியம்.

தராசுக்கு முத்திரை போட அதிகாரி வருவார். மின்சாரத்தை நிறுக்கும் இந்தக் கருவிகளைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை நல்ல கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு பேஸையும் அளந்து, பேனல் காட்டும் அளவோடு ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். ட்ரூ ஆர்.எம்.எஸ்., ஏ.சி., டி.சி. மூன்றும் உள்ள கிளாம்ப் மீட்டரை ஒருவரே வாங்கினால் எப்போதோ ஒரு நாள்தான் பயன்படும். ஒரே பகுதியில் மில் வைத்திருக்கும் நான்கைந்து உறுப்பினர்கள் கூடிப் பொதுவில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஆடி மாதம் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது சுற்றுக்கு விட்டுச் சோதித்துக்கொண்டால், பண்டிகைக் காலத்தில் மில் நிற்காமல் ஓடும்.